மானிட்டரோடு கட்டிப்போட்ட லேப்டாப்: 100, 80, 60 – பேட்டரிக்கு எது நல்லது?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் பலரின் லேப்டாப் மேசையை விட்டு நகர்வதே இல்லை. எதிரே பெரிய மானிட்டர், தனி கீபோர்டு, எந்நேரமும் பிளக்கில் சார்ஜர். பேட்டரி மட்டும் உழைக்காமலே கிழடாகிறது.

எப்போதும் 100 சதவீதத்தில் விட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் வழி. ஓவர்சார்ஜ் ஆகிவிடும் என்று இதற்குப் பயப்படத் தேவையில்லை. நிறைந்ததும் உள்ளிருக்கும் சர்க்யூட் சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும். பிறகு லேப்டாப் அடாப்டரின் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. நிறைந்த லித்தியம் அயன் செல் வழக்கமாக 4.2 வோல்ட்டில் நிற்கும், சில வகைகளில் அதற்கும் மேலே. மாதக்கணக்கில் அப்படியே நின்றால் உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட் என்னும் வேதித் திரவம் சிறுகச் சிறுகச் சிதைகிறது. வெப்பம் சேர்ந்தால் சிதைவு வேகமெடுக்கும். சித்திரை வெயிலில் காய்ந்த மொட்டைமாடிக்கு நேர் கீழே, மின்விசிறியே அனல் வீசும் அறையில் வேலை பார்ப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெங்களூருக்காரருக்குப் பொருந்தும் அறிவுரை மதுரைக்கு அப்படியே பொருந்தாது.

முற்றினால் வாயு சேர்ந்து பேட்டரி உப்பும். டச்பேடை அழுத்தினால் 'டிக்' சத்தம் வராது, அடிமூடியின் விளிம்பில் நகம் நுழையும், மேசையில் வைத்தால் ஒரு மூலை ஆடும். அதன் பிறகு சார்ஜ் போடவே கூடாது. அணைத்துவிட்டு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். ஊசியால் குத்திக் காற்றை இறக்கும் வீரதீரம் தீயில் முடியும்.

இரண்டாவது வழி, 20க்கு இறங்கியதும் மாட்டி 80 ஆனதும் பிடுங்குவது. கையில் தூக்கிக்கொண்டு அலைபவருக்கு நல்ல பழக்கம்தான். மேசைக்காரருக்கு இது வெட்டிவேலை. ஒவ்வொரு முறையும் பேட்டரியின் ஆயுளில் கொஞ்சம் செலவாகிறது. கேமிங் லேப்டாப்பில் இன்னும் மோசம்: பலவற்றில் எச்டிஎம்ஐ துளை தனி கிராபிக்ஸ் சிப்போடு இணைந்திருப்பதால், மானிட்டரை மாட்டியதுமே அந்தச் சிப் விழித்துக்கொண்டு பேட்டரியை உறிஞ்சும், சூட்டையும் கூட்டும்.

ஆகவே என் ஓட்டு, சார்ஜ் 80 அல்லது 60 சதவீதத்தைத் தாண்டாதபடி உச்சவரம்பு வைப்பதற்கே. லெனோவோவில் வான்டேஜ் செயலியின் கன்சர்வேஷன் மோட், ஆசுஸில் மைஆசுஸ் செயலி, டெல், எச்பி மாடல்கள் பலவற்றில் பயாஸ் (லேப்டாப்பைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பு என்று இடம்தான் மாறுகிறது. 80ஆ 60ஆ என்பதில்தான் வழக்கு. செல்லின் வேதியியலைக் கேட்டால் 60 என்று சொல்லும். மின்வாரியத்தைக் கேட்டால் 80. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போன கரண்ட் மாலையில்தான் வரும். மானிட்டர் உடனே இருண்டுவிட, லேப்டாப்பின் சின்னத் திரைதான் துணை. பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே ஓடுகிறது. மேசைப் பிளக்குக்கும் அந்த லைன் வருமானால் தாராளமாக 60 வையுங்கள். மற்றவர்களுக்கு 80. மின்தடை அறிவிப்பைச் செய்தித்தாளில் பார்த்தால் முதல்நாள் இரவு வரம்பை எடுத்துவிட்டு 100 ஏற்றிக்கொள்ளலாம். ஒருநாள் நிறைந்திருப்பதால் குடி முழுகிவிடாது.

அடுத்தது கேபிள். யுஎஸ்பி-சி மானிட்டர் ஒரே கம்பியில் படத்தையும் வாங்கி, லேப்டாப்புக்கு மின்சாரத்தையும் கொடுக்கிறது. மேசை அழகாகிவிடும். வாங்குமுன் வாட் கணக்கைப் பாருங்கள். மானிட்டர் தருவது 65 வாட், லேப்டாப்போடு வந்த அடாப்டர் 100 வாட் என்றால், வேலை கனக்கும்போது குறையும் மின்சாரத்தைப் பேட்டரிதான் கொடுக்கும். வேலை தணிந்ததும் திரும்ப ஏறும். நாள் முழுக்க இந்த ஏற்ற இறக்கம் நடந்தால் வரம்பு வைத்ததன் பலன் பாதி போய்விடும். அப்படிப்பட்ட லேப்டாப்புக்குப் பழைய எச்டிஎம்ஐ கம்பியும் சொந்தச் சார்ஜருமே மேல். சாதாரண அலுவலக லேப்டாப்புக்கு 65 வாட் தாராளம்.

மூடியைச் சாத்திவிட்டு மானிட்டரை மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. கீபோர்டு வழியாகவும் சூடு இறங்கும்படி அமைந்த மாடல்களில் சாத்தியதும் உள்ளே வெப்பம் தங்கிவிடும். திறந்து வைத்து அந்தத் திரையை மட்டும் அணைத்துவிடலாம். அடிப்பக்கத்துக் காற்றுத்துளைகள் மூடாதபடி ஒரு ஸ்டாண்டில் ஏற்றி வைப்பது இன்னும் நல்லது.