மன்னார்குடி ஜெராக்ஸ் கடையில் லினக்ஸ் மின்ட்: பாஸ்வேர்டு பெட்டியோடு ஒரு வருஷம்

சீர்காழியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது என் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடமிருந்து போன். "அக்கா, பிரிண்டர் நின்னுடுச்சு. பாஸ்வேர்டு கேக்குது. என்னோடதப் போட்டா தப்புங்குது. ஆறு பேரு நிக்கிறாங்க." நாதஸ்வரத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு, நிர்வாகி பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். "பெரிய எம்மா, சின்ன எம்மாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். மறுநாள் கடையைத் திறந்தால், லேமினேஷன் மிஷின் மூடிமேல் பர்மனன்ட் மார்க்கரில் அது கொட்டை எழுத்தில் இருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் முழுசாகப் போகவில்லை.

தாலுகா ஆபீஸ் பக்கம் கடை. மூன்றும் பழைய கணினிகள், விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிகிறது என்றதும் மூன்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம் போட்டேன், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பு. 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. தமிழ் டைப்பிங், ஸ்கேன், ஜெராக்ஸ் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு, கடையில் என்னைப் படுத்திய ஒரே விஷயமான பாஸ்வேர்டு பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்தப் பெண் தன் பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். கேட்டது அவளுடையதை இல்லை, என்னுடையதை. இதைப் புரிந்துகொள்ள எனக்கே நாலு மாசம் ஆனது. கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் டெர்மினலில், நிர்வாகி உரிமையோடு வேலை செய்யவைக்கும் சூடோ என்ற கட்டளையை அடித்தால், அடிப்பவர் தன் சொந்தப் பாஸ்வேர்டைத்தான் கொடுக்க வேண்டும். அவருக்கு அனுமதி உண்டா என்று அதற்குப் பிறகு பார்க்கும். திரையில் எழும்பும் பெட்டி வேறு ஆள், யாருக்கு எதற்கு அனுமதி என்று பார்க்கும் போல்கிட். சாதாரணக் கணக்கில் வேலை பார்க்கும்போது அது எழும்பினால், நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்கிறது என்று அர்த்தம். அந்த நிர்வாகியின் பெயரும் பெட்டியிலேயே போட்டிருக்கும், பொடி எழுத்தில். ஆறு பேர் வரிசையில் நிற்கும்போது யார் அதைப் படிப்பார்கள்? அந்தப் பெயரைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தால் எனக்குப் பாதி போன் வந்திருக்காது.

பிரிண்டருக்கு வருகிறேன். யூஎஸ்பி கேபிள் லேசாக அசைந்தால் போதும், பிரிண்டர் "நிறுத்தப்பட்டது" என்று போய்விடும். மறுபடி ஓட்ட நிர்வாகி அனுமதி வேண்டும். காரணம், பிழை வந்தால் பிரிண்டரை நிறுத்து என்று அதன் அமைப்பில் இருந்ததுதான். பிரிண்டர் பண்புகளுக்குள் கொள்கைகள் என்ற பக்கத்தில் அதை "வேலையை மறுபடி முயல்" என்று மாற்றினேன். முக்கால்வாசித் தொல்லை அங்கேயே தீர்ந்தது. மிச்சத்துக்கு, அந்தப் பெண்ணின் கணக்கை, பிரிண்டர்களை நிர்வகிக்க அனுமதி உள்ள எல்பிஅட்மின் குழுவில் சேர்த்துவிட்டேன். இப்போது பிரிண்டரை நிறுத்துவது, ஓட்டுவது, சேர்ப்பது எல்லாம் அவள் கையில். சாப்ட்வேர் போடுவதும் அழிப்பதும் என் கையில். இந்த மாதிரி ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகச் சாவி கொடுக்க முடிவதால்தான் இதை இன்னும் விடாமல் வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்தச் சாவியைக் கொடுக்கப் போய் நான் மாட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். குழுவில் சேர்க்கும் யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி போட்டால், அதற்கு முன்னால் சின்ன ஏ கட்டாயம் வேண்டும். "ஏற்கெனவே இருப்பதோடு சேர்" என்பதற்கு அந்த ஏ. எதற்கும் இருக்கட்டும் என்று என் கணக்கையும் சேர்த்தபோது அதை விட்டுவிட்டேன். நான் இருந்த மற்ற எல்லாக் குழுவிலிருந்தும் என்னைத் தூக்கிவிட்டது, நிர்வாகி உரிமை தரும் சூடோ குழு உட்பட. மறுநாள் காலை நான் நிர்வாகியே இல்லை. பெட்டி இப்போது ரூட் என்ற தலைமைக் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கிறது. மின்டில் ரூட்டுக்குப் பாஸ்வேர்டே வைக்கவில்லை, எதைக் கொடுப்பது? வீட்டைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்ட கதைதான்.

கடைசியில் கணினியைத் திருப்பி ஓடவிட்டு, ஷிஃப்டை அழுத்திப் பிடித்து, பழுது பார்க்க உள்ள ரெகவரி மோடில் நுழைந்து, ரூட்டாகக் கட்டளை அடிக்கும் ரூட் ஷெல்லில் டிஸ்கை எழுதும் நிலைக்கு மாற்றி, என்னை மறுபடி சூடோ குழுவில் சேர்த்துக்கொண்டேன். பத்து நிமிஷ வேலை. நிம்மதியாக இருந்தது, கூடவே கொஞ்சம் பகீர் என்றும் இருந்தது. பாஸ்வேர்டு எதுவுமே தெரியாமல் நான் உள்ளே போன வழியில், கணினிப் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காரக் கிடைத்த யாரும் போகலாம், டிஸ்கை என்கிரிப்ட் செய்யாதவரை, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைக்காதவரை. ஆதார் நகல் ஸ்கேன் செய்யும் கடைக்கு இது சின்ன விஷயம் இல்லை. அடுத்து இன்ஸ்டால் செய்த கணினியில் முதல் வேலையாக என்கிரிப்ஷனை டிக் செய்தேன்.

கல்யாணத்துக்குப் போய் வந்த கையோடு யூடியூபில் தேடியபோது, ஒருவர் சூடோவின் விதிகளைத் திருத்தும் விசூடோவைத் திறந்து ஒரே வரியில் "எதற்கும் பாஸ்வேர்டு வேண்டாம்" என்று எழுதச் சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். பென்டிரைவோடு வருகிற பையன்கள் உட்காரும் கணினி இது. சூடோ ஏற்கெனவே தாராளம்தான்: ஒரு தடவை பாஸ்வேர்டு கொடுத்தால் என் மின்டில் அந்த டெர்மினலுக்குப் பதினைந்து நிமிஷம் மறுபடி கேட்காது. டீ குடிக்க எழுந்தால், அந்தச் சலுகையை உடனே ரத்து செய்யும் "சூடோ மைனஸ் கே" கட்டளையை அடித்துவிட்டுத்தான் எழுகிறேன். அப்டேட்டையும் தள்ளிப் போடுவதில்லை. போல்கிட்டோடு வரும் பிகேஎக்ஸெக் என்ற கட்டளையில் 2009-லிருந்து கிடந்த ஓட்டை 2022 ஜனவரியில்தான் வெளியே வந்தது. சாதாரணக் கணக்கிலிருந்து நேராக ரூட் ஆகிவிடலாம் என்கிற அளவுக்கு ஓட்டை.

டி டிரைவ் என்று நாங்கள் இன்னும் கூப்பிடும் உள் டிஸ்க் பகுதியும் கடைப் பெண்ணின் கணக்கில் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருந்தது. பென்டிரைவுக்குக் கேட்காது, உள் டிஸ்க்குக்குக் கேட்கும். டிஸ்க்ஸ் செயலியில், கணினி தொடங்கும்போதே அதை மவுன்ட் செய்யும்படி, அதாவது திறந்து இணைக்கும்படி வைத்ததும் சரியாகிவிட்டது.

தீராமல் இருப்பது, சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் கீரிங் ஒன்றுதான். ஒரு கணினியை லாகின் கேட்காமல் நேராகத் திறக்கும்படி வைத்திருக்கிறேன். அதில் குரோமைத் திறந்ததும் இன்னொரு பெட்டி வரும். பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் இதற்கு அந்தக் கணக்கின் சொந்தப் பாஸ்வேர்டுதான் வேண்டும். "அக்கா, இப்ப உங்களோடதா, என்னோடதா?" என்று கேட்கிறாள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன், குறைத்த ஒன்று இந்தக் கேள்விக்காக.