வாசலுக்கே வந்து பிரேக் டிஸ்க் மாற்றித் தருகிற பாய்: கூப்பிடலாமா?

கூப்பிடலாம். ஆனால் சாமானை நீங்களே வாங்கி வையுங்கள், வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். தீர்ப்பு இவ்வளவுதான், அவசரமாக இருப்பவர்கள் இதோடு போகலாம்.

வண்டி பழைய ஸ்விஃப்ட். தண்டையார்பேட்டையில் தெருவோரம்தான் நிற்கும், கடல் காற்று முழுக்க அதன் மேல்தான். நம்ம பக்கத்தில் பிரேக் எப்படித் தேயும் என்று வெளியாட்களுக்குச் சொன்னால் புரியாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே நகர்ந்து நகர்ந்து போகிற ஓட்டத்தில் கால் ஆக்சிலேட்டரில் இருப்பதைவிட பிரேக்கில் இருக்கிற நேரம்தான் அதிகம், அதோடு மணலி பக்கத்துத் தூசி வேறு. லேசாக பிரேக் அழுத்தினால் பெடல் காலைத் தள்ளித் தள்ளி விடும், அறுபதில் போகும்போது ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடும். வழக்கமாகப் போகிற ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். டிஸ்க்கை, அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டை, லேத்தில் கொடுத்து பேசிங் பண்ணி (மேலாகச் சீவிச் சமமாக்கி), அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பேட் மட்டும் புதுசு போட்டால் போதும் என்றார்கள். அளந்து பார்த்துச் சொன்னார்களா என்றால் இல்லை, சக்கரத்தைக் கழற்றவே இல்லை.

பேசிங் தப்பான வேலை என்று சொல்லவில்லை. டிஸ்க்கில் கனம் மிச்சம் இருந்தால் தாராளமாகப் பண்ணலாம். குறைந்தபட்சம் எத்தனை மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள், துருவைத் துடைத்தால் தெரியும். அதற்குக் கீழே போனால் டிஸ்க் சீக்கிரம் சூடாகும், விரிசல் விடும், அப்புறம் பேட் எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

நண்பர் ஒருவர் மூலமாகத்தான் இந்தப் பாய் நம்பர் கிடைத்தது. புளியந்தோப்பு பக்கம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர், இப்போது தனியாக பைக்கில் சாமான் பையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் வேலை செய்கிறார். முதலில் வந்து பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை. அவர் அளந்த விதத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் தேயாத வரப்பு ஒன்று நிற்கும் அல்லவா, கனம் அளக்கிற வெர்னியரை அப்படியே வைத்தால் அது வரப்பில் முட்டிக்கொண்டு கனத்தை அதிகமாகக் காட்டும். பாய் என்னிடம் ஒரே மாதிரி இரண்டு ரூபாய் நாணயங்களை வாங்கி, டிஸ்க்கின் இரண்டு பக்கமும் வரப்புக்கு உள்ளே ஒன்றொன்றாக வைத்து, அதன் மேல் வெர்னியரைப் பிடித்து அளந்தார், பிறகு நாணயங்களின் கனத்தைக் கழித்தார். பொறித்திருந்த எண்ணுக்கு மயிரிழை மேலே இருந்தது. "சார், இத்த லேத்துல குட்த்தா அப்பளம் மாரி ஆய்டும், புச்சு போட்டுக்க" என்றார். சரி என்றேன்.

சாமான் நான் வாங்கியது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில். டிஸ்க் மாருதி ஜெனுயின், பேட் ரானே. பிரேக் சாமானுக்கு சென்னைக்காரன் எங்கேயும் அலைய வேண்டியதில்லை: பாடியில் 1962-லிருந்து இருக்கிற பிரேக்ஸ் இந்தியா, அம்பத்தூரில் பிரேக் லைனிங் செய்கிற ரானே, இரண்டுமே நம் ஊர்க் கம்பெனிகள். டிஸ்க் ஜோடியும் பேடும் சேர்த்து 5,000 ரூபாயைத் தொட்டது. பில் கேட்டு வாங்குங்கள். பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன் என்கிற கடையில் பிரேக் சாமான் மட்டும் வாங்காதீர்கள், வைப்பர் பிளேடு வாங்கினால் போதும். பேடை அசையாமல் பிடிக்கிற கிளிப், ஸ்லைடு பின் என்கிற சின்ன இரும்புக் கம்பிகளுக்குப் போடுகிற சிலிக்கான் கிரீஸ், பிரேக் கிளீனர் ஸ்பிரே மூன்றையும் தனியாகக் கேட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி என்றவர் ஒன்பதரைக்கு வந்தார். அதைத் தவிர வேலையில் எனக்குப் பெரிய குறை இல்லை. பின் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் செங்கல் முட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே 19 நம்பர் நட்டுகளைத் தளர்த்தியது, அவரே கொண்டுவந்த ஹைட்ராலிக் ஜாக்கி, தூக்கியதும் ஸ்டாண்ட். அதுவும் போதாதென்று கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்க வைத்துத் தள்ளினார். ஸ்டாண்ட் நழுவினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் இறங்கும், ஆள் மேல் இறங்காது. வண்டியோடு வருகிற ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை விடுகிற மெக்கானிக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் அப்படி இல்லை.

பேடை டிஸ்க் மேல் அழுத்துகிற காலிப்பரைக் கழற்றியதும் அதை ரப்பர் ஹோஸில் தொங்க விடவில்லை, கட்டுக்கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டிவைத்தார். அடுத்து டிஸ்க். கடல் காற்றில், அது உட்கார்ந்திருக்கிற ஹப்போடு (சக்கரத்தின் நடுப்பகுதி) துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் சுத்தியலை எடுப்பார்கள், அடி ஒவ்வொன்றும் வீல் பேரிங்கில்தான் விழும். பாய் பையைத் துழாவி இரண்டு 8 எம்எம் போல்ட் எடுத்தார். டிஸ்க்கிலேயே அதற்கென்று மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கிறது, எத்தனையோ வருஷமாக இந்த வண்டியைக் கழுவுகிற எனக்கே அது எதற்கென்று தெரியாது. துளி ஆயில் விட்டு, இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்கினார், கொஞ்ச நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம், டிஸ்க் கையோடு வந்துவிட்டது.

பிறகு செய்ததுதான் இந்த வேலையின் உயிர் என்று நினைக்கிறேன். ஹப் முகத்தில் இருந்த துருவை கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள் என்று வைத்து வெள்ளை இரும்பு தெரிகிறவரை தேய்த்தார், ஒரு பக்கத்துக்கே நல்ல நேரம் ஆனது. அந்த இடத்தில் ஒரு துருச் செதில் மாட்டியிருந்தாலும் புது டிஸ்க் கொஞ்சம் சாய்ந்து உட்காரும், சுற்றும்போது விளிம்பு அலையும், பேட் ஒரே இடத்தில் உரசி உரசி டிஸ்க்கின் கனம் அங்கங்கே மாறும், சில மாதத்தில் பெடல் மறுபடி காலைத் தள்ள ஆரம்பிக்கும். டிஸ்க் வளைந்துவிட்டது, கம்பெனி சரியில்லை என்று நாம் திட்டுவோம். ஒரு நாளைக்கு இருபது வண்டி பார்க்கிற இடத்தில் இந்தத் தேய்ப்பு நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நம் வாசலில் நடந்தால் கண்ணால் பார்க்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே வீட்டில் செய்வது மேல் என்பேன்.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய்ப் பிசுக்கு தடவியிருப்பார்கள். அதை கிளீனர் அடித்து பனியன் வேஸ்டில் துடைத்தார். துணி கறுப்பாக வருவது நிற்கிறவரை விடவில்லை. காலிப்பர் நகர்வதற்கு இருக்கிற ஸ்லைடு பின் இரண்டையும் உருவி, காய்ந்த கிரீஸை வழித்து, சிலிக்கான் கிரீஸ் போட்டார். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய் பின் இறுகிவிடும், ஒரு பக்கப் பேட் மட்டும் சீக்கிரம் தேய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் குறுக்கே பேசியது இரண்டே இடத்தில். பழைய பேட் தூசியை வாயால் ஊதப் போனார், தடுத்து ஸ்பிரே அடிக்கச் சொன்னேன். பழைய பேடில் என்னென்ன கலந்திருக்கிறதோ, அது நுரையீரலுக்குப் போக வேண்டாம். இன்னொன்று, நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டுகிற டார்க் ரெஞ்ச் அவரிடம் இல்லை, "கைக் கணக்கு சார்" என்றார். என்னிடம் இருந்ததைக் கொடுத்து, மேனுவலில் போட்டிருந்த அளவுக்குக் குறுக்கு மறுக்காக முடுக்க வைத்தேன். உங்களிடம் இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்கி வையுங்கள்.

புது பேடுக்கு இடம் கிடைக்க காலிப்பருக்குள் இருக்கிற பிஸ்டனைத் தள்ளும் முன் சிரிஞ்சில் கொஞ்சம் பிரேக் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டார், இல்லையென்றால் டப்பா வழிந்து பெயின்ட் உரியும். அந்த ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 ரக ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 140 வரை இறங்கிவிடும். சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடுத்த முறை முழு ஆயிலையும் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.

முடித்ததும் சாவியைத் தருமுன் பெடலைப் பலமுறை அழுத்தி இறுக்கம் வருகிறதா என்று பார்த்தார். இதை மறந்து வண்டியை எடுத்தால் முதல் பிரேக்கில் பெடல் நேரே தரைக்குப் போகும். கூலி 900 ரூபாய். பழைய டிஸ்க்கை காயலான் கடைக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார், எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

மறுநாள் விடியற்காலையில் மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோட்டுக்குப் போய் புது பேட் டிஸ்க்கோடு ஒட்டிப் படியும்படி பழக்கினேன்: அறுபதிலிருந்து இருபது வரை சீராக பிரேக், முழுசாக நிற்காமல் மறுபடி வேகம், நடுவில் ஆற விட்டு, இப்படிப் பலமுறை. பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பாருங்கள். இப்போது பெடல் தள்ளுவதும் இல்லை, ஸ்டியரிங் ஆடுவதும் இல்லை. காலையில் எடுத்ததும் முதல் ஒன்றிரண்டு பிரேக்குக்கு கர் என்று ஒரு சத்தம் வரும். ராத்திரி டிஸ்க் மேல் படிகிற லேசான துருதான் அது, கடலோரத்தில் இருப்பவர்கள் இதற்காக மெக்கானிக்கைத் தேட வேண்டாம்.

எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் வைத்த புது வண்டிக்காரர்கள் பின் டிஸ்க் வேலைக்கு இவரைக் கூப்பிடாதீர்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேனர் போட்டு சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோனால்தான் பல வண்டிகளில் அந்த பிஸ்டன் பின்வாங்கும், பாயிடம் ஸ்கேனர் கிடையாது. கேட்டால் அவரே சொல்லிவிடுகிறார்.