கார் நிற்கும் தரைக்கு டைல்ஸா, எபாக்சியா?

சர்வீஸ் சென்டரில் சாம்பல் நிறத்தில் ஒரே பாளமாக மின்னும் எபாக்சித் தரையைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு பார்க்கிங்குக்கும் இதையே போட்டுடலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். அங்கே தரைக்கு மேல் கூரை, சுற்றிலும் சுவர். நம் ஊர் வீடுகளில் கார் நிற்பது பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கம் திறந்த போர்டிகோவில். காலை வெயில் பாதித் தரை வரை வரும். ஐப்பசி மழையின் சாரல் மீதியையும் நனைக்கும். போதாததற்கு வண்டி கழுவும் தண்ணீர் வேறு. இந்த மாதிரி இடத்துக்கு என் ஓட்டு பார்க்கிங் டைல்ஸுக்குத்தான்.

எபாக்சி என்பது ரெசின் என்ற பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்து கான்கிரீட்மேல் பூசும் படலம். பெயின்ட் மாதிரி மெல்லிய கோட்டிங்கும் உண்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றிப் பரப்புவதும் உண்டு. எதுவானாலும் அது கீழே இருக்கும் கான்கிரீட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அந்தப் பிடியைத்தான் ஓதம், அதாவது அடியிலிருந்து ஏறும் ஈரம், குலைக்கிறது. தரைத்தளத்தில் மண் நிரப்பி, சல்லி கொட்டி, கான்கிரீட் போடும்போது அடியில் பாலிதீன் ஷீட் விரிக்கிற வழக்கம் நம்மிடம் குறைவு. மழைக்காலத்தில் மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியாக மேலே ஏறும். மேலே எபாக்சி மூடியிருப்பதால் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டுவிடுங்கள், 16 மணி நேரமாவது இருக்கட்டும். உள்பக்கம் வியர்த்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ எபாக்சியை மறந்துவிடலாம். காய்ந்தே இருந்தால் சரி, ஆனால் இதை மழைக்காலத்தில் செய்து பார்ப்பது நல்லது. சித்திரையில் எல்லாத் தரையும் காய்ந்துதான் இருக்கும்.

வெயிலும் எபாக்சிக்கு ஆகாது. மேலே பாலியூரித்தேன் கோட்டிங் இல்லாவிட்டால் வெயில் படும் பகுதி மட்டும் மஞ்சளாகி மங்கும். இன்னொன்று, நெடுஞ்சாலையில் ஓடி வந்த சூடான டயர். மெல்லிய கோட்டிங்காக இருந்தால், டயர் நிற்கும் நான்கு இடத்திலும் படலம் இளகி ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காரை எடுக்கும்போது பெயர்ந்து வந்துவிடும். கிரைண்டிங் மெஷின் போட்டுத் தரையைச் சொரசொரப்பாக்காமல், வெறுமனே பெருக்கிவிட்டுப் பூசிய இடங்களில் இது சீக்கிரமே நடக்கும். கான்கிரீட் போட்டு 28 நாள் ஆவதற்குள் பூசுவதாக யாராவது சொன்னால், அவரிடம் வேலையே கொடுக்காதீர்கள்.

டைல்ஸ் பக்கம் வருவோம். கடையில் "ஹெவி டியூட்டி" என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், ஒன்றைத் திருப்பி ஓரத்தின் கனத்தைப் பாருங்கள். வீட்டுக்குள் போடுவது எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் இருக்கும். பார்க்கிங்குக்கு பத்து முதல் பன்னிரண்டு வரை உள்ள விட்ரிஃபைடு (அதிகச் சூட்டில் சுட்டுக் கண்ணாடிபோல் இறுகிய) ரகம் வேண்டும், மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். விட்ரிஃபைடு அரை சதவீதத்துக்கும் குறைவாகவே தண்ணீரை உறிஞ்சும். அதனால் ஓதமும் மழையும் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை.

ஆனால் கார் ஏறி டைல்ஸ் உடைந்தால், பெரும்பாலும் குற்றம் டைல்ஸுடையது அல்ல. ஐந்து இடத்தில் கலவையை உருண்டையாக வைத்து அழுத்திவிட்டுப் போவார்கள். நடுவில் காற்றுதான் இருக்கும். ஒரு சின்னக் கார்கூட ஏறக்குறைய ஒரு டன். பஞ்சர் ஆன அன்று ஜாக்கி வைத்தால் அந்த எடையில் ஒரு பெரும் பங்கு உள்ளங்கையளவு இடத்தில் இறங்கும். வெற்றிடத்துக்கு மேல் இறங்கினால் மூலை தெறிக்கும். அடிப்பரப்பு முழுவதும் பசை அல்லது கலவை படும்படி ஒட்டச் சொல்லுங்கள். காய்ந்ததும் ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். எங்கே 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வருகிறதோ அதைப் பெயர்த்து மறுபடி ஒட்டச் சொல்லலாம், மேஸ்திரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

டைல்ஸின் பலவீனம் இடுக்குதான். எஞ்சின் ஆயில் சிந்தினால், இடுக்கை அடைக்கும் சிமென்ட் கலவையான கிரௌட் அதைக் குடித்துவிடும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் கறை முழுதாகப் போகாது. கொஞ்சம் கூடுதல் செலவு செய்து இடுக்குக்கு மட்டும் எபாக்சி கிரௌட் அடைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். எபாக்சியை விரும்புகிறவர்களுக்கு இது ஓர் ஆறுதல்!

வழுக்கலைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பளபள எபாக்சியில் தண்ணீர் நின்றால் வயதானவர்களுக்கு ஆபத்து. பூசும்போதே மணல் தூவச் சொல்லலாம், அப்போது அந்தப் பளபளப்பு போய்விடும்.

எபாக்சி ஜெயிக்கும் இடமும் இருக்கிறது. ஷட்டர் போட்டு மூடிய, ஓதமில்லாத அறை, அதில் பைக் பிரித்து மாட்டுவது உங்கள் பொழுதுபோக்கு என்றால் யோசிக்காமல் எபாக்சி போடுங்கள். இடுக்கே இல்லாததால் சிந்திய ஆயிலைத் துணியால் துடைத்தால் போதும், உருண்டோடிய சின்ன நட்டும் கண்ணில் படும். செலவைப் பொறுத்தவரை, இருநூறு சதுர அடிக்காக மெஷினும் ஆட்களும் வர வேண்டியிருப்பதால் எபாக்சிக்காரர்கள் சதுர அடிக்குக் கூடுதலாகவே கேட்பார்கள்.

பழைய தரைமேல் டைல்ஸ் ஒட்டுவதாக இருந்தால், வாங்கும் முன் கேட்டின் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். பசையும் டைல்ஸும் சேர்ந்து தரை ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உயரும். தெருப்பக்கம் வாட்டம் குறையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரு பெட்டி டைல்ஸ் கூடுதலாக வாங்கி வையுங்கள். அடுத்த வருடம் அதே டிசைன் கிடைத்தாலும் அதே நிறம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.