வேலூர்ப் பயணம்: காசு கொடுத்து ஆள் வைத்தோம், அண்ணிதான் காப்பாற்றினார்

இந்த முறை ஊருக்குப் போனதில் விமானமும் வங்கி வேலையும் பத்திரப்பதிவும் குறையின்றி முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது பெரியப்பா மகன் வீட்டில் ஒரு பிற்பகலில் நடந்ததுதான்.

அண்ணன் அணைக்கட்டுப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்து, மார்புப் பகுதியின் நான்காம் முதுகெலும்பு மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவர். கைகளில் முழு வலு உண்டு, மார்புக்குக் கீழே உணர்வில்லை. இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தே அண்ணி தூக்கத்தை இழந்திருந்தார். ஆகவே இங்கிலாந்திலிருந்து நாங்கள் பணம் போட்டு, வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் சொல்லி ஏற்பாடு செய்தோம். “நல்லா டிரெயினிங் எடுத்த பையன் சார்” என்றார்கள். சம்பளம், நிறுவனக் கமிஷன், முன்பணம் என்று அவர்கள் கேட்ட தொகை, இங்கிலாந்தில் வாரம் ஒருமுறை வந்து போகும் பணிப்பெண்ணின் கூலியை நினைவூட்டியது.

பையன் நல்லவன், சுறுசுறுப்பானவன். ஆனால் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு உடனே எடுத்துவிடும் முறையை, அண்ணன் தன் கையாலேயே செய்துவந்த அந்த வேலையை, நிறுவனம் தொல்லை என்று கருதியது. தங்கள் ஆளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று யாரையோ அனுப்பி, பையோடு இணைத்த நிரந்தரக் குழாயைப் போட்டுவிட்டது. நாளடைவில் கிருமித் தொற்றுக்கும் கல்லுக்கும் வழி செய்வது நிரந்தரக் குழாய்தான் என்பதை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

அன்று சாப்பாடு முடிந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்குத் தலை வெடிப்பது போல வலி வந்தது. முகம் சிவந்து, நெற்றியில் வியர்வை கொட்டியது. வழக்கமாக 100-ஐ ஒட்டியே இருக்கும் மேல் ரத்த அழுத்தம் 170-ஐத் தாண்டியிருந்தது. பையன் ஒரு பாராசிட்டமால் கொடுத்து, கட்டிலில் மட்டமாகப் படுக்க வைத்து, மின்விசிறியைக் கூட்டினான். “வெயில் தலைவலி சார், வேலூர்ல எல்லாருக்கும் வர்றதுதான்” என்றான். (எங்கள் ஊரில் வெயிலின் தலையில் ஏற்றாத நோய் எது?) நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடித்தால், “டாக்டர்கிட்ட காட்டிடுங்க சார்” என்று வைத்துவிட்டார்கள்.

ரேஷன் கடையிலிருந்து திரும்பிய அண்ணி பையை வாசலிலேயே போட்டுவிட்டு வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் அண்ணனைத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, இடுப்புத் துணியைத் தளர்த்தினார். பிறகு குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனார். அது தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தியதும் பை மளமளவென்று நிறைந்தது. சற்று நேரத்தில் அழுத்தம் இறங்கி, வலியும் தணிந்தது.

“தம்பி, இவருக்குத் தல வலிச்சா மாத்திரைய தேடக் கூடாது, மொதல்ல மூத்திரப் பையத்தான் பாக்கணும்” என்றார், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அண்ணி.

மார்பின் ஆறாம் முதுகெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு நேரும் ஆபத்து இது. வயிற்றுக்குள் நிரம்பிய சிறுநீர்ப்பை அனுப்பும் செய்தியால் கீழ் உடலின் ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. அதைத் தளர்த்த மூளை அனுப்பும் கட்டளை அடிபட்ட இடத்தைத் தாண்டி இறங்குவதில்லை. அதனால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்; கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தக் கசிவு வரை கொண்டுபோகும். மட்டமாகப் படுக்க வைப்பது அதை இன்னும் ஏற்றவே செய்யும். சிறுநீரில் தடையில்லை என்றால் அடுத்து மலச்சிக்கலையும், பிறகு இறுக்கமான உடையையும் புண்ணையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் இத்தகையவர்கள் இதை அச்சிட்ட அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்கள், அவசரப் பிரிவில் மருத்துவரிடமே நீட்டுவதற்காக.

அண்ணி இதைக் கற்றது வேலூரில் பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு நிலையத்தில். விபத்துக்குப் பிறகு அங்கே தங்கியிருந்தபோது, கூட இருப்பவர் என்ற முறையில் அவருக்கும் பாடம் நடந்திருக்கிறது: புரட்டுவது, குழாய் போடுவது, கண்ணாடி வைத்து இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, நாற்காலியில் அடிக்கடி கையூன்றி எழும்பச் சொல்வது. அந்த மறுவாழ்வு நிலையம் 1966-இல் தொடங்கியது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்ட பின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் சிறுவயதில் எத்தனையோ முறை போயும், கடைசி நிறுத்தத்தில் என்ன இருக்கிறது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயும் தூக்குவாளியுமாகக் கிடக்கும் உறவினர் கூட்டத்தைக் கண்டால் வெளிநாட்டில் இருந்து வந்த நமக்கெல்லாம் எரிச்சல்தான். இங்கிலாந்தில் பார்வை நேரம் முடிந்ததும் மனைவியையே வெளியே அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வரும் பராமரிப்பாளரோ காலைக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர் என்று மாறிக்கொண்டே இருப்பார். பயிற்சியில் இங்கே குறை சொல்ல முடியாது. ஆனால் அண்ணனின் முகச்சிவப்பைப் பார்த்த மாத்திரத்தில் குழாயைத் தேடிய கை, வருடக்கணக்காக அந்த ஒரே உடம்பைக் கவனித்த கை. அதற்காக ஒரே ஒரு பெண்ணின் தூக்கத்தை வாங்கிக்கொண்டு ஓடும் ஏற்பாட்டை என்னால் புகழவும் முடியவில்லை.

நிரந்தரக் குழாய் மறுநாளே பாகாயத்தில் எடுக்கப்பட்டது. பையன் போகும்முன் அண்ணியிடம் எல்லாவற்றையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். இப்போது இரவில் புரட்டிப் போடவும் துணி துவைக்கவும் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் வருகிறார். அண்ணிதான் அவருக்குப் பாடம் எடுத்தார். நிறுவனம் முன்பணத்தை இன்னும் திருப்பவில்லை.