கண்ணாடி ஃப்ரேமும் என் முகமும்: ஒரு திருநங்கையின் நீண்டநாள் அனுபவம்

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்தரை. எழுந்ததும் கை தேடுவது கண்ணாடியை, படுக்கும்போது கடைசியாகக் கழற்றுவதும் அதைத்தான். சேலையும் கம்மலும் நாளுக்கு நாள் மாறும். கண்ணாடி மட்டும் வருடக்கணக்கில் ஒன்றே. பாளையங்கோட்டையில் டிடிபி வேலை செய்கிறேன். ஒருவரின் பாலினத்தை அவரே தீர்மானித்துச் சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்துவிட்டது. 2021 முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களைப் போலவே திருநங்கையருக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் ஜங்ஷன் பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே கண்டக்டர் என்னைப் பார்ப்பது அரை நொடி. அந்த அரை நொடியில் அவர் கண்ணில் படுவது என் ஃப்ரேம். அதனால் எனக்கு இது வெறும் அலங்கார விஷயம் இல்லை.

கல்லூரிக் காலத்திலிருந்து போட்டிருந்தது கறுப்பு செவ்வக ஃப்ரேம். மேலே தடித்த பட்டை, கீழே நைலான் நரம்பு கட்டிய சுப்ரா வகை. அது உழைத்த உழைப்பில் குறை சொல்ல மாட்டேன், பல வருடம் தாங்கியது. ஆனால் அந்தப் பட்டை புருவத்துக்குச் சற்றுக் கீழே நேர்கோடாகப் படுத்திருக்கும். என் புருவ எலும்பு கொஞ்சம் மேடு. கோடு அதற்கு அடியில் விழுந்ததால் மேடு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது, கண் உள்ளே போனது போலத் தோன்றியது. முடி வளர்த்து, பொட்டு வைத்து, காதில் ஜிமிக்கி ஆடினாலும் "சார், சில்லறை இருக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

புது ஃப்ரேம் வாங்கப் போன முதல் கடையில் ஒரு சுவர் ஜென்ட்ஸ், எதிர்ச் சுவர் லேடீஸ். விற்பனைப் பையன் என்னை ஜென்ட்ஸ் சுவர்ப் பக்கமே கூட்டிப்போனான். நானாகத் திரும்பி லேடீஸ் பக்கம் போனதும் அவன் முகம் மாறியதை இப்போதும் மறக்கவில்லை. கடை பெயர் வேண்டாம். அங்கே இன்னொன்றும் தெரிந்தது. லேடீஸ் ஃப்ரேம் பெரும்பாலும் எனக்குச் சிறியது. மாட்டினால் காதுக்கம்பி இரண்டும் வெளிப்பக்கம் வளைந்து கண்ணுக்கும் காதுக்கும் நடுவே அழுத்தும். அரை நாள் போட்டிருந்தாலே தலைவலி வந்துவிடும். பலகையில் எழுதியிருக்கும் ஜென்ட்ஸ், லேடீஸ் என்பதை நம்பித் தேடுகிற எந்தத் திருநங்கைக்கும் இதே கதைதான் நடக்கும் என்று நினைக்கிறேன். தேட வேண்டியது பெண்மையான கோடு உள்ள, ஆனால் அகலமான ஃப்ரேம்.

அளவைப் புரியவைத்தவர் டவுனில் ரத வீதிப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. உள்ளே நுழைந்ததுமே "வாம்மா, உக்காரு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே எத்தனை ஃப்ரேம் வேண்டுமானாலும் அவரிடம் வாங்கலாம் என்று இருந்தது. காதுக்கம்பியின் உட்பக்கம் 52, ஒரு சின்னச் சதுரம், 18, அப்புறம் 140 என்று எழுதியிருக்கும். எல்லாம் மில்லிமீட்டர். 52 என்பது ஒரு லென்ஸின் அகலம், 18 இரண்டு லென்ஸையும் இணைக்கும் மூக்குப் பாலம், 140 காதுக்கம்பியின் நீளம். முன்பக்க முழு அகலம் பெரும்பாலும் எழுதியிருக்காது, ஸ்கேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். என் கண்மணிகளுக்கு நடுவே இருக்கும் தூரம் 64. லென்ஸையும் பாலத்தையும் கூட்டினால் 70 வருகிற ஃப்ரேம் என்றால் லென்ஸின் மையத்தை ஒவ்வொரு கண்ணுக்கும் 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அதே பாலத்தோடு 56 லென்ஸ் எடுத்தால் அது 5 ஆகும். மைனஸ் லென்ஸுக்கு ஓரம்தான் தடிமன். தள்ளத் தள்ள வெளி ஓரம் இன்னும் தடிக்கும், முகத்தின் பக்கக்கோடு லென்ஸுக்குள் வெட்டுப்பட்டுத் தெரியும், ஓரத்தில் வட்டம் வட்டமாக வளையங்கள் விழும்.

"எம்மா, ஒனக்கு மொகம் அகலம், கண்ணு ரெண்டும் கிட்டக்க இருக்கு. லென்ச பெருசாக்காத. மூலை அகலமா இருக்க ஃப்ரேமா பாரு" என்றார். அவர் மூலை என்றது கீல் உட்காரும் இடத்தை. லென்ஸ் 51, பாலம் 19, கீல் பக்கம் நன்றாக அகன்ற, அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃப்ரேம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முகத்தின் அகலத்துக்குப் பொருந்தியது, லென்ஸும் சிறியது. இத்தனை நாள் கேட்ட எந்த யோசனையும் இதற்கு ஈடில்லை.

அது ஒயின் நிறத்தில் கேட் ஐ, மேல் மூலை இரண்டும் லேசாகத் தூக்கிய வடிவம். 1930-களில் நியூயார்க்கில் ஆல்டினா சினாசி என்ற பெண், ஹார்லெக்வின் என்ற இத்தாலிய நாடகக் கோமாளியின் முகமூடியைப் பார்த்து இந்த வடிவத்தைக் கொண்டுவந்தார். பெண்களுக்குக் கிடைத்த கண்ணாடிகள் சலிப்பாக இருந்ததுதான் காரணம். என் முகத்தில் அது செய்தது இதுதான்: மேல் கோடு புருவத்தோடு சேர்ந்தே போனதால் எலும்பு மேடு தனியாகத் தெரியவில்லை. பார்ப்பவர் கண் தாடைக்கு இறங்காமல் கன்ன எலும்புப் பக்கம் ஏறியது. கீழ் விளிம்பு மெல்லியதாக இருப்பதும் முக்கியம். விளிம்பு கீழே கனத்தால் தாடையும் கனத்துத் தெரியும். நிறத்தைப் பற்றி என் கருத்து மட்டும் சொல்கிறேன்: நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஒயின், செம்பு, ஆமை ஓட்டுப் பழுப்பு, கரும்பச்சை எல்லாம் உயிரோட்டமாக இருக்கின்றன. வெளிர் ரோஸ் நிறத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் என் முகத்தைச் சாம்பல் பூத்தாற்போல் காட்டியது.

கேட் ஐ போட்ட பிறகு கண்டக்டர்கள் கேட்காமலே கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் முடியும் நன்றாக வளர்ந்திருந்தது, எல்லாப் புகழையும் ஃப்ரேமுக்கே கொடுக்க முடியாது. ஆனால் ஒருமுறை கீல் திருகு போய்ப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு, சில நாள் பழைய செவ்வகத்தைப் போட்டுக்கொண்டு அலைந்தேன். அதே முடி, அதே பொட்டு. "சார்" திரும்ப வந்துவிட்டது.

பெண் என்றால் கேட் ஐதான் போட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஆபீஸில் ஒரு அக்கா இரட்டைப் பாலம் வைத்த ஏவியேட்டர், அதாவது பைலட் கண்ணாடி, போட்டு ராணி மாதிரி வருவார். அவரை யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை, அதனால் அவருக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது. எனக்கும் ஒருநாள் அது வேண்டும்.

நீண்டநாள் உழைப்பைச் சொல்ல வேண்டுமென்றால், அசிடேட்டுக்கு நம்ம ஊர் வெயில் ஆகாது. சித்திரையில் வியர்வையில் மூக்கிலிருந்து சறுக்கிக்கொண்டே இருக்கும். ஸ்கூட்டர் டிக்கிக்குள் மத்தியானம் வைத்துவிட்டால் காதுக்கம்பி விரிந்துவிடும். அண்ணாச்சி ஹீட்டரில் காட்டி வளைத்துக் கொடுப்பார். சூட்டில் வளைவது அசிடேட்டின் பலவீனமும் பலமும். டிஆர் 90 என்று விற்கிற லேசான பிளாஸ்டிக்கை இப்படி வசதிக்கு வளைப்பது கடினம். ஒன்றிரண்டு வருடத்தில் காதுக்குப் பின்னால் வெள்ளை பூத்தது, வியர்வையும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து பளபளப்பு போய்விட்டது. ஒன்று மட்டும் கண்டிப்பாக நினைவிருக்கட்டும்: நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், அது பட்டால் அசிடேட் கரைந்துவிடும். திருச்செந்தூர் போய் வந்தால் உப்பு படியும், குற்றாலச் சாரலில் நின்றால் நீர்த்துளிக் கறை. இரண்டுக்கும் பச்சைத் தண்ணீரில் நனைத்து, ஒரு துளி சோப்பு போட்டுக் கழுவினால் போதும். முந்தானையால் துடைத்தால், லென்ஸில் வெளிச்சம் மின்னாமல் தடுக்கும் ஆன்டி கிளேர் கோட்டிங் கீறிப்போகும்.

இந்த ஆன்டி கிளேரை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மைனஸ் பவர் கண்ணைச் சிறிதாக்கிக் காட்டும். கண்மை எழுதி என்ன பயன், லென்ஸில் டியூப்லைட் மட்டும் மின்னினால்? லென்ஸ் கண்ணுக்கு எவ்வளவு அருகில் உட்காருகிறதோ அவ்வளவுக்குக் கண் சிறிதாவது குறையும். இமை முடி உரசாத அளவுக்கு நெருக்கி வைக்கச் சொல்லுங்கள். சிரிக்கும்போது கீழ் விளிம்பு கன்னத்தைத் தொட்டால் பவுடரில் கோடு விழும், அப்படியான ஃப்ரேமை உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாலம் மிகவும் உயர்ந்திருந்தால் பொட்டோடு இடிக்கும். இதையெல்லாம் கடையில் யாரும் சொல்வதில்லை.

இப்போது போட்டிருப்பது டைட்டானியம், செம்பு நிறம், மேலே மெல்லிய வளைவு. ஹெல்மெட்டுக்குள் அழுத்தாது, மூக்கில் கனமே இல்லை, வியர்வையில் பச்சை பிடிக்கவில்லை. விலை அசிடேட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மூக்கில் உட்காரும் பேட் மஞ்சளித்துவிடும், மாற்ற ஐம்பது ரூபாய்க்குள்தான். ஆனால் முகத்துக்குக் கேட் ஐ கொடுத்த அந்தத் தூக்கல் இதில் பாதிதான். வேலைக்கு டைட்டானியம், கல்யாணம் கோயில் என்றால் ஒயின் நிறம் என்று வைத்துக்கொண்டேன்.

தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவன், திருநம்பி, அதாவது பிறப்பில் பெண் என்று எழுதப்பட்ட ஆண். அவனுக்குப் பிரச்சினை நேர் எதிர்: முகம் சிறியது, ஜென்ட்ஸ் ஃப்ரேம் எல்லாம் வழிகிறது. பெரிய ஃப்ரேம் போட்டால் அண்ணனுடையதைப் போட்டுக்கொண்டு வந்த பிள்ளை மாதிரி தெரிகிறான். 48, 49 அளவில், மேல் பட்டை நேராகவும் தடியாகவும், மூலை கூர்மையாகவும் உள்ள கறுப்பு ஃப்ரேம் அவனுக்குப் பொருந்தியது. பள்ளிப் பிள்ளைகளுக்கான அடுக்கில்தான் கிடைத்தது. என்னைப் படுத்திய அதே நேர்ப்பட்டை அவன் புருவத்துக்கு வேண்டிய கனத்தைக் கொடுத்தது. அதைப் போட்டு எடுத்த போட்டோவை அவன் அனுப்பிய அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பவர் அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் இருக்கும் ஃப்ரேமில் பவர் இல்லாத வெறும் டெமோ பிளாஸ்டிக்தான், முகம் பார்க்கும் கண்ணாடியில் நம் முகமே மங்கலாகத்தான் தெரியும். போனில் வீடியோ எடுத்து, பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். நேராக மட்டும் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, சிரித்து, பேசி எடுங்கள். பவரைக் கடைக்குப் போகும் முன்பே கண் மருத்துவமனையில் பரிசோதித்துச் சீட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். 1988 முதல் நெல்லையில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையில்தான் நான் பார்க்கிறேன். சீட்டில் கண்மணித் தூரத்தையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த எண் கையில் இருந்தால் எந்தச் சுவரில் தொங்குகிற ஃப்ரேமையும் நீங்களே அளந்து எடுக்கலாம்.