ஸ்னோஃப்ளேக்கில் டூப்ளிகேட் ஒழிப்பு: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தின் தரவை ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் தரவுக் கிடங்கில் ஏற்றும் வேலையைச் சில வருடங்களாகப் பார்த்து வருகிறேன். கடைகளிலிருந்து பில் கோப்புகள் வரும். பேமென்ட் கேட்வே தன் பங்குக்குப் பரிவர்த்தனைத் தகவல்களை அனுப்பும். ஆன்லைன் ஆர்டர்கள் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்திலிருந்து மாற்றப் பதிவுகளாக வரும். மூன்று வழியிலும் டூப்ளிகேட் வரும், ஆனால் ஒவ்வொன்றிலும் காரணம் வேறு. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரே கோப்பு இரண்டு முறை ஏறாமல் ஸ்னோஃப்ளேக் பார்த்துக்கொள்ளும், ஒரே பதிவு இரண்டு முறை ஏறாமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆரக்கிள், போஸ்ட்கிரஸ் பழக்கத்தோடு வருபவர்களுக்கு இது உடனே பிடிபடாது. டேபிளில் ஒரு பத்தியை (நெடுவரிசையை) பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் மதிப்பு, என்று எழுதினால் ஸ்னோஃப்ளேக் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். பிறகு அதே கீயோடு பத்து வரிகளைப் போட்டாலும் ஒரு வார்த்தை பேசாது. சாதாரண டேபிள்களில் அது கட்டாயப்படுத்துவது நாட் நல் (காலியாக இருக்கக்கூடாது) விதியை மட்டும்தான். கூகுளின் பிக்குவெரி, அமேசானின் ரெட்ஷிஃப்ட் ஆகிய கிடங்குகளிலும் பிரைமரி கீ வெறும் தகவல் குறிப்புதான். இவை எல்லாம் பத்தி பத்தியாகத் தரவைச் சேமிப்பவை. ஒவ்வொரு வரி வரும்போதும் 'இது ஏற்கெனவே இருக்கிறதா' என்று பார்க்க உதவும் இன்டெக்ஸ் இவற்றில் கிடையாது. ஸ்னோஃப்ளேக்கின் ஹைப்ரிட் டேபிளில் மட்டும் கீ உண்மையிலேயே கட்டாயம், ஆனால் அது வேறு மாதிரி வேலைக்கானது. ரெட்ஷிஃப்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே கீ தனித்தன்மை உடையது என்று அறிவித்துவிட்டால் வினவலைத் திட்டமிடும் பகுதி அதை நம்பிவிடும். தரவில் டூப்ளிகேட் இருந்தால் இரட்டையை நீக்கும் செலக்ட் டிஸ்டிங்க்ட் போட்டும் இரட்டை வரிகள் திரும்பி வரலாம். உறுதியில்லாத இடத்தில் அங்கே கீ அறிவிக்காமல் இருப்பதே நல்லது.

சரி, கோப்பு அளவில் கிடைக்கும் பாதுகாப்பைப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்ததும் பலர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதுதான். கோப்புகளை டேபிளில் ஏற்றும் காப்பி இன்டூ கட்டளை, எந்தெந்தக் கோப்பை ஏற்றியது என்ற விவரத்தை டேபிளோடு சேர்த்து 64 நாட்கள் நினைவில் வைத்திருக்கும். வேலைகளை நேரப்படி ஓட்டும் ஏர்ஃப்ளோ ஒரு வேலையைத் திரும்ப ஓட்டினாலும், யாராவது கையால் ஓட்டினாலும், ஏறிய கோப்பைத் தொடாமல் விட்டுவிடும். ஃபோர்ஸ் என்ற விருப்பத்தை இயக்கினால் மட்டும் எல்லாம் மறுபடி ஏறும். இரவு வேலைகள் பாதியில் விழுந்து எழும் சூழலில் இது பெரிய நிம்மதி.

ஆனால் அந்த நினைவு டேபிளோடு ஒட்டியிருப்பது. டேபிளை ட்ரங்கேட் செய்தால் (ஒரேயடியாகக் காலி செய்தால்) நினைவும் அழியும். கிரியேட் ஆர் ரீப்ளேஸ் என்று புதிதாக உருவாக்கினாலும் அழியும். டெலீட் செய்தால் அழியாது. அதனால் 'டேபிளைக் காலி செய்து திரும்ப ஏற்று' என்று சொல்லும்போது எந்தக் கட்டளையில் காலி செய்கிறோம் என்பது முக்கியம். டெலீட் போட்டுவிட்டுக் காப்பி ஓட்டினால் ஒரு வரிகூட ஏறாது, புதியவர்கள் திகைத்துப் போவார்கள். ட்ரங்கேட் போட்டால் ஸ்டேஜில் (கோப்புகள் ஏறக் காத்திருக்கும் இடத்தில்) கிடக்கும் எல்லாக் கோப்பும் மறுபடி உள்ளே வரும். பழைய மாதக் கோப்புகளை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தாமல் விட்டிருந்தால் அவையும் சேர்ந்து வரும்.

கோப்பு வந்ததும் தானாக ஏற்றும் ஸ்னோபைப் வேறு கணக்கில் ஓடுகிறது. அதன் நினைவு 14 நாட்கள்தான், அதுவும் பைப் என்ற ஏற்றும் அமைப்போடு ஒட்டியிருக்கும். டேபிளை ட்ரங்கேட் செய்தாலும் பைப்பின் நினைவு அப்படியே இருக்கும். பைப்பையே திரும்ப உருவாக்கினால்தான் போகும். இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. காப்பி இன்டூ ஒரு கோப்பின் உள்ளடக்கம் மாறியிருந்தால் அதைப் புதியதாக எண்ணி ஏற்றும். ஸ்னோபைப் பெயரை மட்டும் பார்க்கும். பெயர் அதே என்றால் உள்ளே என்ன மாறியிருந்தாலும் ஏற்றாது.

இது நடைமுறையில் எப்படிக் கடிக்கும் என்றால், எங்கள் கடைகளின் பில்லிங் மென்பொருள், திருத்தப்பட்ட பில் கோப்பை அதே பெயரில் மறுபடி அனுப்பும் வழக்கம் கொண்டது. மாலையில் ஒன்று வரும். இரவு கணக்கு முடித்த பிறகு ஓரிரு பில்லைத் திருத்தி அதே பெயரில் இன்னொன்று வரும். காப்பி இன்டூ வழியாக வந்தால் கோப்பு முழுவதும் இரண்டாம் முறை ஏறும், அந்தக் கடையின் விற்பனை கிட்டத்தட்ட இரு மடங்காகத் தெரியும். ஸ்னோபைப் வழியாக வந்தால் எண்ணிக்கை அழகாக இருக்கும், திருத்தம் மட்டும் காணாமல் போயிருக்கும். முதல் தவற்றைக் கணக்குப் பிரிவு காலை பத்து மணிக்குள் கண்டுபிடித்துவிடும். "என்னங்க, இந்தக் கடையில நேத்து திருவிழாவா?" என்று ஒரு போன் வரும். இரண்டாவது தவறு மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒப்பிடும் வரைக்கும் வெளியே தெரியாது. எனக்கு இரண்டில் எது ஆபத்து என்பதில் சந்தேகமே இல்லை. பில்லிங் மென்பொருள்காரர்களிடம் பேசிப் பேசிக் கடைசியில் கோப்புப் பெயரில் அனுப்பும் நேரத்தையும் சேர்க்க வைத்தோம். இந்த ஒரு மாற்றம் எழுதிய எஸ்க்யூஎல் எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது.

பெயர் மாறிவிட்டால் இரண்டு கோப்பும் ஏறும், ஏறட்டும். முதல் டேபிளில் வந்ததெல்லாம் வந்தபடியே சேரும், எதையும் அழிப்பதில்லை. ஒவ்வொரு வரியோடும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது, அந்தக் கோப்பில் எத்தனையாவது வரி, எப்போது ஏறியது என்ற மூன்று தகவல்களையும் சேர்த்துக்கொள்கிறோம். இவற்றை ஸ்னோஃப்ளேக்கே காப்பியின்போது தருகிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத இரட்டை வரியை வைத்துக்கொண்டு தேடுவது நரக வேதனை. இந்தப் பத்திகள் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

களைவது இரண்டாவது டேபிளில். வரிகளுக்கு எண் இடும் ரோ நம்பர் போட்டு, கீ வாரியாகப் பிரித்து, புதியதை மேலே வைத்து, முதல் வரியை மட்டும் எடுப்பது. அந்த எண்ணை வைத்து நேரடியாக வடிகட்டும் குவாலிஃபை இருப்பதால் உள்ளே ஒரு துணை வினவல் எழுத வேண்டியதில்லை. டெராடேட்டா என்ற பழைய தரவுக் கிடங்கிலிருந்து வந்த வசதி இது. பிக்குவெரியிலும் ரெட்ஷிஃப்டிலும் இப்போது உண்டு. ஒரே எச்சரிக்கை, வரிசைப்படுத்தும் பத்தியில் சமன் வரக்கூடாது. இரண்டு வரிகளுக்கும் ஒரே நேர முத்திரை இருந்தால் இன்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், நாளை மற்றொன்றை. அதனால் நேரத்துக்குப் பின்னால் கோப்புப் பெயர், வரி எண் இரண்டையும் வைத்து முடிவை உறுதியாக்கிவிடுவோம்.

அப்புறம் கீ. உண்மையான வேலை இங்கேதான். டிஸ்டிங்க்ட் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, சில இடங்களில் அது விற்பனையையே அழித்துவிடும். ஒருவர் ஒரே பிஸ்கட் பாக்கெட்டில் இரண்டு வாங்குகிறார், காசாளர் எண்ணிக்கை இரண்டு என்று அடிக்காமல் இரண்டு முறை ஸ்கேன் செய்கிறார். பில்லில் எல்லாப் பத்திகளும் ஒன்றேயான இரண்டு வரிகள். இவை டூப்ளிகேட் அல்ல, இரண்டு விற்பனை. கடை எண், பில் எண், பில்லுக்குள் வரிசை எண் மூன்றும் சேர்ந்தால்தான் கீ ஆகும். வரிசை எண்ணை மென்பொருள் தராவிட்டால் கோப்பின் வரி எண்ணை வைத்து ஒவ்வொரு பில்லுக்குள்ளும் நாமே போட்டுக்கொள்ளலாம்.

இதோடு முடிந்ததா என்றால், ஏப்ரல் 1 இருக்கிறது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் தனித்தன்மையோடு இருந்தால் போதும். பல கடைகளில் ஏப்ரல் முதல் நாள் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நிதியாண்டு கீயில் இல்லையென்றால் மெர்ஜ் கட்டளை (கீ இருந்தால் திருத்தும், இல்லாவிட்டால் சேர்க்கும்) போன வருட பில்களை இந்த வருட பில்களால் மேலெழுதும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. இந்தியச் சில்லறைத் தரவைத் தொடும் யாருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

பேமென்ட் தகவல்களில் சிக்கல் வேறு. நம் சர்வரிடமிருந்து 'கிடைத்தது' என்ற பதில் வரும் வரை கேட்வே திரும்பத் திரும்ப அனுப்பும். நிகழ்வு எண் ஒன்றே என்றால் டூப்ளிகேட், தூக்கிப் போடலாம். ஆனால் ஒரே பணம் செலுத்தலுக்கு அனுமதி, வசூல், திருப்பி அளித்தல் என்று வெவ்வேறு நிகழ்வுகள் உண்டு. பணம் செலுத்தல் எண்ணைக் கீயாக வைத்தால் வரலாறு போய்விடும். அதனால் நிகழ்வு டேபிள் தனி, தற்போதைய நிலை டேபிள் தனி என்று வைத்திருக்கிறோம்.

ஆர்டர் தரவு, தரவுத்தள மாற்றங்களைப் படித்து அனுப்பும் டெபீசியம் வழியாக வருகிறது. குறைந்தது ஒரு முறையாவது கொண்டு சேர்ப்பதே அதன் வாக்குறுதி. எதிர்பாராமல் நின்று எழுந்தால் கொஞ்சம் பின்னோக்கிப் போய் மறுபடி அனுப்பும். இங்கே எது புதியது என்று தீர்மானிக்க நேரத்தை நம்பாமல் போஸ்ட்கிரஸின் எல்எஸ்என் எண்ணை (மாற்றப் பதிவில் அதன் இடத்தைக் காட்டுவது) வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அழிக்கப்பட்ட ஆர்டரை டேபிளிலிருந்து நிஜமாகவே அழித்துவிடாமல் ஒரு கொடி போட்டு வைக்க வேண்டும். அழித்துவிட்டால், தாமதமாக வரும் பழைய மாற்றம் ஒன்று அந்த ஆர்டரைப் புதியதென்று எண்ணி மறுபடி நுழைத்துவிடும்.

மெர்ஜ் பற்றி இரண்டு விஷயங்கள். டேபிளில் உள்ள ஒரு வரிக்கு, புதிதாக வரும் தொகுதியில் இரண்டு வரிகள் பொருந்தினால் ஸ்னோஃப்ளேக் இயல்பாகவே பிழை காட்டி நிற்கும். அந்த அமைப்பைச் சிலர் தொல்லை என்று அணைத்து வைப்பார்கள், அணைக்காதீர்கள். ஆனால் அதை முழுப் பாதுகாப்பு என்றும் நம்பக்கூடாது. கீ டேபிளில் இல்லாத புதியதாக இருந்து, தொகுதிக்குள் இரண்டு முறை இருந்தால், எதுவும் பொருந்தாததால் இரண்டுமே சத்தமில்லாமல் நுழையும். எனவே மெர்ஜுக்கு முன்பே தொகுதிக்குள் களைந்துவிட வேண்டும். கீயில் நல் இருந்தாலும் இதே கதை. நல்லும் நல்லும் சமம் அல்ல என்பதால் ஒவ்வொரு இரவும் அந்த வரி புதிதாக ஏறும். எஸ்க்யூஎல் மாற்றங்களை நிர்வகிக்கும் டிபிடியின் இன்கிரிமென்டல் (புதிய வரிகளை மட்டும் கையாளும்) மாடலில் யூனிக் கீ கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

செலவையும் சொல்ல வேண்டும். டேபிளைச் சேமிக்கும் சிறு துண்டுகளான ஸ்னோஃப்ளேக்கின் மைக்ரோ பார்ட்டிஷன்களைத் திருத்த முடியாது, ஒரு வரி மாறினாலும் அந்தத் துண்டு முழுவதும் புதிதாக எழுதப்படும். யுயுஐடி போலச் சீரற்ற கீயை மட்டும் வைத்து மெர்ஜ் செய்தால் டேபிள் முழுவதையும் புரட்டும். இணைப்பு நிபந்தனையில் தேதி வரம்பு ஒன்றைச் சேர்த்தாலே வேலை வெகுவாகக் குறையும். வரம்புக்கு வெளியே தாமதமாக வரும் வரி டூப்ளிகேட்டாக நுழையும் என்பது இதன் விலை, அதற்காக வாரம் ஒருமுறை முழு டேபிளையும் சோதிக்கிறோம். பல பத்திகளைச் சேர்த்து ஹாஷ் கீ (ஒரே சுருக்க மதிப்பு) செய்பவர்கள் ஹாஷ் ஃபங்ஷனைத் தவிர்த்து ஷா2 பயன்படுத்துங்கள். ஹாஷ் தருவது 64 பிட்தான், சில நூறு கோடி வரிகளில் மோதல் (வெவ்வேறு வரிகளுக்கு ஒரே மதிப்பு) எதிர்பார்க்கக்கூடியதே. பத்திகளுக்கு நடுவே ஒரு பிரிப்பான் வையுங்கள், இல்லாவிட்டால் 12, 3 என்பதும் 1, 23 என்பதும் 123 என்று ஒன்றாகிவிடும்.

பிக்குவெரியையும் ஒரு சின்ன வேலைக்குப் பயன்படுத்துகிறேன். பழைய ஸ்ட்ரீமிங் வழியில் ஒவ்வொரு வரிக்கும் இன்சர்ட் ஐடி என்ற அடையாளம் கொடுத்தால் டூப்ளிகேட்டைத் தவிர்க்க முயலும், ஆனால் அது ஒரு நிமிட அளவுக்கான முயற்சி மட்டுமே, உத்தரவாதம் இல்லை. அந்த வழியில் வந்த வரிகளை அரை மணி நேரம் வரை மெர்ஜ் தொடவும் முடியாது. புதிய வழியான ஸ்டோரேஜ் ரைட் ஏபிஐயில் ஆஃப்செட்டோடு (வரியின் வரிசை இடத்தோடு) எழுதினால் சரியாக ஒருமுறை மட்டும் சேர்க்கும். அதே ஏபிஐயின் டீஃபால்ட் ஸ்ட்ரீமில் அந்த உறுதி இல்லை, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

எவ்வளவு பார்த்தாலும் எப்போதாவது ஒன்று நழுவும். அப்போது டேபிளின் பழைய நிலையைக் காட்டும் டைம் டிராவல்தான் கை கொடுக்கும்: மெர்ஜுக்கு முந்தைய டேபிளையும் இப்போதையதையும் கீ வாரியாக ஒப்பிட்டால் எந்தத் தொகுதி கெடுத்தது என்று தெரிந்துவிடும். இயல்பாகக் கிடைப்பது ஒரு நாள்தான், என்டர்பிரைஸ் பதிப்பில் 90 நாள் வரை நீட்டலாம். வெள்ளிக்கிழமை இரவு நுழைந்ததைத் திங்கட்கிழமை கண்டுபிடிக்கும் ஊர் நம்முடையது என்பதால், களைந்த டேபிள்களுக்கு மட்டும் ஏழு நாள் வைத்திருக்கிறோம். முதல் டேபிளுக்கு அது தேவையில்லை, கோப்புகள் எப்படியும் அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் கிடக்கின்றன.