கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்துகள்: ஐந்து ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியே இல்லாமல் பார்வை நரம்பை அரித்துவிடுவதால், சொட்டு மருந்தின் நன்மை நோயாளிக்குத் தெரிவதில்லை. எரிச்சலும் கசப்பும்தான் தெரிகின்றன. ஐந்து ஆண்டுகளாக என் தாயாருக்கு இம்மருந்துகளை விட்டுவருபவன் என்ற முறையில், அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்பதோடு, நாள் தவறாமல் விட முடிகிறதா என்பதையும் வைத்தே இவற்றை மதிப்பிடுகிறேன்.

முதலிடம் லாட்டனோபிராஸ்டுக்கு. இரவில் ஒரே சொட்டு. கண்ணுக்குள் ஊறும் நீர் எளிதாக வடிய வழிசெய்து, அழுத்தத்தை ஏறத்தாழ 25 முதல் 33 சதவீதம் வரை குறைக்கிறது. அம்மாவுக்கு 26 மி.மீ. பாதரச அளவாக இருந்த கண் அழுத்தம் 18 ஆனது. இமை முடி நீண்டு அடர்வதும், சிலருக்குக் கருவிழியின் நிறம் நிரந்தரமாகக் கருமையடைவதும் இதன் பக்கவிளைவுகள். திறக்காத புட்டியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். திறந்தபின் 25 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் ஆறு வாரம் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் திறந்த பிறகும் குளிர்பெட்டியிலேயே வைக்கிறோம். சில்லென்று விழுவதால், சொட்டு கண்ணில் விழுந்ததா கன்னத்தில் வழிந்ததா என்பது கண்ணை மூடியிருக்கும் அம்மாவுக்கே தெரிந்துவிடுகிறது.

டிமோலால் பழைய மருந்து. அமெரிக்காவில் 1978இல் ஒப்புதல் பெற்றது. நீர் சுரப்பதைக் குறைத்து, அழுத்தத்தை 20 முதல் 25 சதவீதம் வரை இறக்குகிறது. ஆனால் கண்ணில் விட்டது மூக்கு வழியாக இரத்தத்தில் கலந்து, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலையும், நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு ஆபத்தையும் உண்டாக்கலாம். கண் மருத்துவரிடம் இளைப்பைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து சொல்லுங்கள்.

ஒரு மருந்து போதாதபோது டிமோலாலுடன் டார்சோலமைடு கலந்த சொட்டு, நாளுக்கு இருவேளை, தரப்படுவதுண்டு. அழுத்தம் நன்றாகவே இறங்குகிறது. விட்டவுடன் சுரீரென்று எரியும், சற்று நேரத்தில் தொண்டையில் கசப்பு இறங்கும். அம்மா இதைத்தான் அதிகம் வெறுத்தார். பிரிமோனிடின் எரிச்சல் குறைந்தது. ஆயினும் வாய் உலர்ந்து தூக்கம் வருகிறது, சில மாதங்களில் ஒவ்வாமையால் கண் சிவந்துவிடுவதும் உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைத் தரவே கூடாது.

எந்த மருந்தானாலும், சொட்டு விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை விரலால் இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால், மருந்து கண்ணிலேயே தங்கும். அப்படிச் செய்யத் தொடங்கியபின் அம்மாவின் தொண்டைக் கசப்பும் பெருமளவு குறைந்தது. இரண்டு மருந்துகள் இருந்தால் நடுவே ஐந்து நிமிட இடைவெளி வேண்டும்; இல்லையேல் பின்னது முன்னதைக் கழுவிவிடும். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் அவசரத்தில் நாங்கள் அதிகம் தவறவிட்டோம். காலையும் இரவும் அம்மாவின் அருகில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்காரத் தொடங்கிய பிறகே அது சரியானது.